சோறு தள்ளுகிற வெள்ளி

எங்கள் மாமாவுக்குப் பழைய வெள்ளிக் கரண்டிகள் மேல் பித்து. வேலை வங்கியில், மனது முழுக்க முள்கரண்டிகளில். பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரப் பாதிரிமார் விட்டுப்போன சாமான் எந்தப் பரணில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போய்விடுவார். காம்பின் நுனியில் சிப்பி இருந்தால் ஒரு வகை, பிடில் போல அகன்றிருந்தால் இன்னொரு வகை, பின்னால் குட்டிச் சிங்கம் இருந்தால் அசல் சீமை வெள்ளி என்பார். யாராவது கேலி செய்தால், கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விடுவார். இத்தனை கரண்டி இருந்தும் நாங்கள் கையால்தான் சாப்பிட்டோம்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்பு, மேசைவிரிப்பு எடுக்கப் பெரியம்மா பீரோவைத் திறந்தபோது துணிச்சுருளிலிருந்து ஒரு சாமான் விழுந்தது. விரல் நீளக் காம்பு. முனையில் கரண்டிக் குழிக்குப் பதில் குட்டி மண்வெட்டி போல ஒரு தகடு. பெரியம்மாவின் மாமியாருக்கு மிஷன் பங்களா துரைசானி கொடுத்ததாம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது என்றார் அப்பா. வெண்ணெய் வழிப்பது என்றாள் அம்மா.

மாமா கேட்டதற்குப் பெரியம்மா தரமாட்டேன் என்றாள். அவர் விடுகிற ஆளா?

"இருக்க மாதிரியே திரும்பி வரணும்லே, சொல்லிட்டேன்" என்று கடைசியில் கொடுத்தாள்.

மாமா படமெடுத்துக் கைப்பேசியில் ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினார். பதில் வந்த அன்று கால் தரையில் பாவவில்லை. சீமைக் குழந்தைகள் சாப்பாட்டைக் கரண்டிக்குள் தள்ளிக்கொள்கிற சாமானாம். லேசில் கிடைக்காததாம்.

"சோத்தத் தள்ளவும் வெள்ளியா! நமக்குப் பெருவிரலு போதும்வே" என்று அப்பா சிரித்தார்.

தகட்டின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"ஏதோ வெள்ளக்காரப் பிள்ள கடிச்சி வச்சிருக்கு" என்றார் மாமா. அக்காவின் பொருளை அழகாக்கித் தருவோம் என்று டவுனில் ஓர் ஆசாரியிடம் கொண்டுபோனார். நானும் போனேன். ஆசாரி மெல்லத் தட்டித் தேய்த்துக் கொடுத்ததும் அது புதுசு போல மின்னியது.

கிறிஸ்துமஸ் மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா பெருமையாக அதை நீட்டினார். பெரியம்மா மினுமினுப்பைப் பார்க்கவில்லை. பெருவிரலால் ஓரத்தைத் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

"இதுல கெடந்த பல்லுத்தடம் எங்கலே?"

"அசிங்கமா இருந்துச்சுக்கா. சரிபண்ணியாச்சு."

"அது எம்பிள்ளைக்கு மொளச்ச பல்லுலே."

பெரியம்மா அழத் தொடங்கினாள். அந்தப் பிள்ளை இருந்த காலத்தில் மாமா வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். நான் பிறக்கவேயில்லை. நடக்கத் தொடங்கிய வயதில் காய்ச்சலில் போன பிள்ளையாம்; அது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் ஒருவரும் பேச்செடுத்ததில்லை. அன்று எனக்கு ஆறு வயது; பெரியம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். எங்கேயோ விடுதியில் தங்கிப் படிக்கிறது போலும். அவள் அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் அவள் மடியில் கைவைத்து, வழி சொன்னேன்:

"அந்தப் பிள்ளைட்ட குடுத்து இன்னொருக்கா கடிக்கச் சொல்லுங்க பெரியம்மா."