கொக்கியில் மாட்டிய மணி

சோதனைக்கு வந்த அம்மா செருப்பைக் கழற்றினார். “ஐயா, கொஞ்ச நேரம் நாற்காலியில உக்காருங்க” என்று என் மாமனாரைப் பதமாக இடம் மாற்றினார். பிறகு அவருடைய கட்டிலில் தாமே நீட்டிப் படுத்துக்கொண்டார். “இப்போ நான்தான் பேஷண்ட். யாரும் ஒத்தாசை பண்ணாதீங்க.”

வீட்டுக்கே ஆள் அனுப்பி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தில், அந்த ஆட்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று சோதிக்கிற மேற்பார்வையாளர் இவர். வேலைக்கு வரும் பெண்கள் முதுகுக்குப் பின்னால் ‘பொய்ப் பேஷண்ட்’ என்பார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது, சிரித்துக்கொள்வார். ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. குளியலறைக்குள் காலை நனைத்துக்கொண்டுதான் நுழைவார், வழுக்குகிறதா என்று பார்க்க. சுவரிலுள்ள கைப்பிடியை முழு எடையும் போட்டு இழுப்பார். “என்னையே தாங்கினா ஊரையே தாங்கும்.” வேலை முடியும்வரை காபி கிடையாது. “குடிச்சுட்டா பேனா உங்க பக்கம் சாஞ்சிடும்மா.”

அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார், இடுப்பெலும்பு முறிந்து படுத்த மூன்று மாதத்தில் மூன்று பேரை விரட்டியடித்தவர். நான்காவதாக வந்த பெண் சொன்னால்தான் மறுபேச்சில்லாமல் மாத்திரை விழுங்குகிறார். போன சோதனையில் அவளுக்கு ஒரு குறை விழுந்திருந்தது. இன்னொன்று விழுந்தால் ஆளை மாற்றிவிடுவார்கள். பாவம், விடிந்ததிலிருந்து அறையைத் துடைத்துத் துடைத்துப் பளிங்காக்கி வைத்திருந்தாள்.

படுத்திருந்தவர் கையை நீட்டினார். தண்ணீர் எட்டியது. மூக்குக்கண்ணாடி எட்டியது. ஆளைக் கூப்பிடும் மணி மட்டும் எட்டவில்லை. அது நன்றாகத் துடைக்கப்பட்டு, சுவரில் கொக்கியில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அடைசலா இருக்கக்கூடாதுன்னு மாட்டினேன்க்கா.” என்றாள் அந்தப் பெண்.

“எல்லாப் பிள்ளைங்களும் இதைத்தான் செய்யுது. நானும் இருபது வருஷம் மாட்டினவதான். கால் ஒடிஞ்சு படுத்தப்போதான் கொக்கி எவ்வளவு தூரம்னு தெரிஞ்சுது. மணி எட்டலேன்னா ஐயா என்ன பண்ணுவாரு? தானா எழுந்திருப்பாரு. அப்புறம் புது இடுப்புக்கு நாம எங்க போறது?”

“நான்தான் மாட்டச் சொன்னேன்,” மாமனார் கூசாமல் புளுகினார். “என் பேருல எழுதிக்கோங்க.”

“இந்தச் சோதனைத் தாள்ல உங்களுக்குக் கட்டம் இல்லீங்க ஐயா.”

சிவப்புப் பேனா ‘மணி கைக்கு எட்டுகிறதா?’ என்பதற்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“முகத்தைத் தொங்கப் போடாதீங்க. குளியலறையைப் பாத்துட்டு வரேன். நான் கிளம்புறதுக்குள்ள சரி பண்ணிட்டா அதையும் பக்கத்துல எழுதலாம், அப்ப அது குறையில சேராது, விதியிலேயே இருக்கு. ஆனா நாளைக்கு மறுபடி மாட்டத் தோணக்கூடாது, அப்படிப் பண்ணணும்.”

அவர் திரும்பி வந்தபோது மாமனார் கட்டிலில் இருந்தார், மணி தலையணைப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேற்பார்வையாளர் மாமனாரிடம் பேசியபடியே போர்வையை இழுத்துவிட்டார், தலையணையை நிமிர்த்தினார், மணியை எடுத்துச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனார். பழகிய கை சுவரில் தடவித் தடவித் தேடியது. கொக்கியைக் காணோம். அது இருந்த ஓட்டைதான் இருந்தது. கொக்கி அந்தப் பெண்ணின் மூடிய கைக்குள் இருந்தது.

முதலில் சிரித்தது மாமனார்தான். மேற்பார்வையாளர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மணியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். தாளில் ‘இல்லை’க்குப் பக்கத்தில் ‘இப்போது எட்டுகிறது’ என்று எழுதினார். பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, காபிக்குக் கையை நீட்டினார்.