துறைமுகத்தின் பணிப்பெண்கள்

செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்கால் மணி. தையல் வகுப்பு முடிந்து என் மகள் ராயபுரத்து வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டிய நேரம். அவள் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எண்ணூர் பக்கத்துக் குப்பத்தில் காலரா. எங்கள் சபையோடு போகிறேன். பத்து நாள் ஆகும். பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாமாம். இது நடந்து மூன்று வருடமாகியும், அந்த நேரமானால் நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன்.

அந்தச் சபைக்குப் பெயர் வைத்தவன் நான்தான். அதற்கு ஆறு மாதம் முன்பு, மீன் விற்கும் விதவை ஒருத்தி எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு சபை தொடங்கப் போகிறார்களாம். "ரைட்டரே, தமிழ்ல பேரு வெச்சா மாதா கோயில் சாமியார் அப்பால பாக்கலாம்னு அனுப்பிச்சிடறாரு. லத்தீன்ல ஒண்ணு வெச்சுக் குடு. எழுந்து நிப்பாரு."

பாதிரியாராவதற்குக் குருமடத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு வெளியே வந்தவன் நான். ரைட்டராக இருந்த துறைமுக அலுவலகத்தில் என் லத்தீனை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு வாரம் அகராதியோடு உட்கார்ந்தேன். 'ஆஞ்சில்லே போர்த்துஸ்' என்று வைத்தேன். துறைமுகத்தின் பணிப்பெண்கள். 'ஆஞ்சில்லா' ஒருமை, 'ஆஞ்சில்லே' பன்மை. 'போர்த்துஸ்' நான்காம் வகைப் பெயர்ச்சொல். 'துறைமுகம்' என்றாலும் 'துறைமுகத்தின்' என்றாலும் எழுத்து மாறாது, கடைசி உயிர் மட்டும் நீளும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினேன். "கூலிக்கு வேலை செய்கிறவளுக்கு வேறு சொல் இருக்கிறது. ஆஞ்சில்லா என்றால் அடிமைப் பெண். எங்கே அனுப்புகிறீர்கள் என்று அவள் கேட்க மாட்டாள்." அவர்களோடு சேர்ந்திருந்த என் மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகளின் காகிதத்தைப் படித்துக் காட்டியதும் என் மனைவி, "வேற வார்த்தையே கெடைக்கலையா ஒனுக்கு?" என்றாள். "பாட்டு பாடறவங்க, பூ கட்றவங்கன்னு ஒண்ணு வெச்சிருக்கக் கூடாதா? லத்தீன்ல 'வூட்டுக்கு வா'ன்னு எப்டி சொல்றதுன்னு தெரியுமா? அத்த எழுதி அனுப்பு."

மறுநாள் காலை பங்குச் சாமியாரிடம் போனேன். அவளைத் திரும்பச் சொல்லி ஒரு சீட்டு எழுதித் தரும்படி கேட்டேன். அவர் மேசையிலிருந்து சபையின் பெயர் அச்சடித்த அட்டையை எடுத்தார். "பிஷப்பைக் கேக்காம லத்தீன்ல பேரு வெச்சதே தப்பு. அதுலயும் இலக்கணப் பிழை. 'போர்த்தி'ன்னு இல்ல வரணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையின் பின்புறத்திலேயே எல்லா வேற்றுமைகளையும் எழுதிக் காட்டினேன். அரை மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் அவர், "சரிப்பா, நீ சொல்றதுதான் சரி" என்றார். ஜெயித்துவிட்டு வெளியே வந்தேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் சீட்டு வாங்கவில்லை என்பது உறைத்தது. திரும்பி ஓடினேன். சாமியார் வெளியூருக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்.

வியாழக்கிழமை எண்ணூருக்கு ரயில் ஏறினேன். குப்பத்துக்குப் போகும் மணல் பாதையில் கயிறு கட்டி, சுகாதார இலாகா ஆள் ஒருவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் தகப்பன் என்றேன். பெரிய அதிகாரிகளைத் தெரியும் என்றேன்.

"கத்தாத நைனா. ஊசி போட்டுக்கினு தாராளமா உள்ள போ. ஆனா பத்து நாளிக்கு வெளிய வர முடியாது. போறியா, இல்லியா?"

கயிற்றுக்கு அப்பால் அடுப்புப் புகை தெரிந்தது. இரண்டு பேர் எதையோ பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபீசில் லீவு கிடைக்காது என்று அவனிடம் சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மூன்றரை மணி ரயிலில் திரும்பி வந்து, "உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் இரண்டு நாள் சுகாதார இலாகாவைச் சபித்துக்கொண்டே இருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு லாரி நின்றது. அதே கயிற்றுக்காரன் இறங்கினான்.

"இன்னா நைனா, லீவு கெடச்சுதா? உள்ள போன்னு நான் சொல்ல, நீ பாட்டுக்குத் திரும்பிப் போய்ட்டியே."

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பொண்ணு நல்லா கீது," என்றான் அவன். "தண்ணி காய்ச்சிக் காய்ச்சிக் கைதான் வெந்து போச்சு. கூட வந்ததுல ரெண்டு பேரு காலராவுல படுத்துக்கினாங்க. நீ வெச்ச பேரு குப்பத்துல எவன் வாய்லயும் நுழையல, வெந்நீர்க்காரிங்கன்னுதான் கூப்புடறாங்க. ஆளு பத்தல, எங்கப்பாவ இட்டுக்கினு வான்னு ஒன் பொண்ணுதான் சொல்லி அனுப்பிச்சுது. ஊசி லாரியிலயே கீது. வர்றியா?"