பேர் வெட்டாத குண்டான்

"ணங், ணங்" என்று கரண்டியால் எவர்சில்வர் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டு "பழைய துணிக்குப் பாத்திரம்!" என்ற குரல் தெருமுனையில் எழுந்தால் போதும், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க பீரோக்கள் திறக்கும். எண்பதுகளின் கடைசி அது. அப்பா தொழிற்சாலைக்குப் போட்டுப்போட்டு வெளுத்த காக்கி உடுப்பு இரண்டையும், தன் கத்தரிப்பூ நிறச் சேலையையும் கொடுத்து அம்மா ஒரு குண்டான் வாங்கினாள். பேரம் பேசவில்லை; திருநெல்வேலியிலிருந்து வந்தவளுக்கு அந்த மெட்ராஸ் பேச்சோடு மல்லுக்கட்டக் கூச்சம். பாத்திரக்காரம்மாவுக்கு மோர் வேறு கொடுத்தாள். அன்று முழுக்கக் குண்டானில் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு விஜயா அத்தை அதே அளவுக் குண்டானைக் காட்டி, "பழைய சட்டை ரெண்டுதான் குடுத்தேன்" என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. எங்கள் வீட்டில் கரண்டி முதல் தவலை வரை எல்லாவற்றிலும் அம்மாவின் பேர் வெட்டியிருக்கும். அந்தக் குண்டானை மட்டும் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட உரிக்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டாள். விஜயா அத்தையோடு பேச்சும் நின்றுபோனது. பாவம், அவர் என்ன செய்தார்? அவர் வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போக முடியாமல் நான்தான் தவித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அதே குரல் கேட்டது. அம்மா குண்டானோடு வாசலுக்குப் போனாள். சண்டைதான் என்று நினைத்தேன். "எங்கிட்ட மட்டும் ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்கும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

பாத்திரக்காரம்மா கூடையை இறக்கினாள். "ஆமாம்மா, உன்னாண்ட ஜாஸ்தியாத்தான் வாங்கிட்டேன். பக்கத்து ஊட்டம்மா பேசிப்பேசிக் கொறச்சிட்டாங்க, நீ வாயே தொறக்கல. மோரு குடுத்த கையாச்சே, ஊட்டுக்குப் போயும் மன்சு கேக்கல" என்றவள், கூடைக்குள் துழாவி ஒரு மூடியை நீட்டினாள். "இத்த வச்சிக்க."

மூடி சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் ஆடியது. அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அந்த வாரமே இரண்டிலும் பேர் வெட்டி, அந்தக் குண்டானில் பாயசம் வைத்து, முதல் கிண்ணத்தை விஜயா அத்தைக்கு என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

இப்போது அந்தக் குரல் இல்லை. குவார்ட்டர்ஸிலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. போன வாரம் கைப்பேசியிலேயே ஒரு மிக்ஸி வாங்கினேன். அதே மிக்ஸி, அதே நாளில், என் தோழிக்குக் குறைந்த விலைக்குக் கிடைத்திருக்கிறது. புகார் எழுதினால் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வருகிறது. பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். பணம்கூடத் திரும்ப வேண்டாம். "ஆமாம்மா, உன்னாண்ட ஜாஸ்தியாத்தான் வாங்கிட்டேன்" என்று சொல்ல யாராவது வாசல்வரை வந்தால் போதும்.