கீழ் வால்வின் சாவி

எங்கள் தீவில் மின்னி பே என்கிற பகுதியில் எங்கள் சந்து மேடேறிப் போகிறது. குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்று அதைச் சந்தின் அடியில் உள்ள பொதுத் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு எல்லா வீட்டுக்கும் விடுவோம். இதில் ஒரு சங்கடம் உண்டு. கீழ் வீடுகளுக்கான வால்வு திறந்திருக்கும்வரை தண்ணீர் மேலே ஏறாது. நேரத்துக்கு அதை மூடினால்தான் மேட்டு வீடுகளுக்குப் போகும். அதனால் எங்கள் சந்துக் கமிட்டியின் செயலாளர் பதவி என்பது வேறொன்றுமில்லை, அந்த வால்வின் சாவி யார் கையில் என்பதுதான். வருஷத்துக்கு ஒரு முறை கூடி, கை தூக்கித் தேர்ந்தெடுப்போம்.

என் வீடு கீழே இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பல வருஷமாகச் சாவி ஒரு பெரியவரிடம் இருந்தது. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிரித்தால் வரி போடுவார்கள் என்று யாரோ சொல்லி வைத்ததுபோல் ஒரு முகம். எனக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு என்னிடம் இரண்டு காரணங்கள் தயாராக இருந்தன.

கண் ஆபரேஷனுக்காக அவர் ஒரு முறை சென்னைக்குக் கிளம்பினார். இங்கே ஒருவர் கடல் தாண்டி மெயின்லேண்ட் போகிறார் என்றால் பாதிச் சந்து பார்சலோடு அவர் வாசலில் நிற்கும். நானும் என் தங்கைக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“பிரிச்சுக் காட்டும்மா. பாத்துட்டு எடுத்துட்டுப் போறேன்.”

உள்ளே இருந்தது கருவாடும் இரண்டு நைட்டியும்தான். ஆனாலும் என்னைத் திருட்டுச் சாமான் கடத்துகிறவள் மாதிரி நிறுத்திவிட்டாரே என்று காது வரை சூடேறியது. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு விடுவிடென்று வந்துவிட்டேன்.

இரண்டாவது, என் மகனின் பிறந்தநாள். வீடு நிறைய ஆட்கள். இன்று ஒரு நாள் மட்டும் வால்வைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வையுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். மேலே காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே குனிந்து மூடினார். வந்தவர்கள் பிரியாணி சாப்பிட்ட கையை ஒரு வாளித் தண்ணீரில் பங்கு போட்டுக் கழுவினார்கள். எனக்கு மானம் போயிற்று.

எங்கள் சந்தில் இன்னொருவர் உண்டு, பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவர். அடிக்கடி சென்னை போய் வருவார். பெண்களையெல்லாம் தங்கச்சி என்பார். பார்சலில் என்ன என்று கேட்டதே இல்லை. கவுண்டரில் கப்பல் டிக்கெட் தீர்ந்துபோன பிறகும் அவரிடம் சொன்னால் கிடைக்கும். எப்படிக் கிடைக்கிறது என்று நாங்களும் கேட்டதில்லை.

போன வருஷக் கூட்டத்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று கலந்த சந்து, ஆகவே பேச்செல்லாம் இந்தியில். நான் எழுந்தேன். பெரியவரிடம் ரூல் இருக்கிறது, இன்சானியத் இல்லை என்றேன். மனிதத்தன்மைக்கான அந்த இந்திச் சொல்லை நன்றாக அழுத்தினேன். கை தட்டினார்கள். அலுவலகத்தில் வருஷக்கணக்கில் ஃபைல் தள்ளியவளுக்கு அப்படியொரு கைதட்டல் எங்கே கிடைக்கும்? உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

துணிக்கடைக்காரர் ஜெயித்தார். பெரியவர் என் பக்கம் திரும்பவில்லை. சாவியை ஜெயித்தவரிடம் கொடுத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்.

“கீழ் வால்வ நேரத்துக்கு மூடிருங்க. இல்லன்னா மேல ஏறாது.”

கோடை வந்தது. தண்ணீர் வருகிற இடைவெளி நீண்டுகொண்டே போனது. எனக்கு ஒரு குறையும் இல்லை. துணிக்கடைக்காரர் போகிற வழியில் தொட்டி ரொம்பிச்சா தங்கச்சி என்று கேட்டுவிட்டுத்தான் வால்வில் கை வைப்பார். இதுவல்லவா மனிதத்தன்மை என்று என் கணவரிடம் பெருமையடித்தேன்.

ஒரு நாள் எங்கள் மாடித் தொட்டி வழிந்து, சுவரோரமாக இறங்கிச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டார் சத்தத்தில் நான் கவனிக்கவில்லை. வாசலில் சத்தம் கேட்டு வந்தால், மேட்டு வீட்டுப் பெண் ஒருத்தி இரண்டு காலி வாளியோடு நிற்கிறாள். கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள். வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. அவர் துணியை அலசக்கூட மூன்று தடவையாகத் தண்ணீர் ஏறவில்லை என்றாள். பேசும்போது அவள் கண் என் முகத்தில் இல்லை. சுவரில் ஓடுகிற தண்ணீரில் இருந்தது.

எனக்குக் கூசிப்போயிற்று. ஓடிப்போய் வாளிகளை நிரப்பிக் கொடுத்தேன். இனிமேல் தண்ணீர் வருகிற அன்றெல்லாம் வந்து பிடித்துக்கொள் என்றும் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்க ரொம்ப நல்லவங்கக்கா.”

கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அவள் தோள் இறங்க வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் சுகம் கசந்தது. நான் கொடுத்தது அவள் வீட்டுக் குழாயில் வந்திருக்க வேண்டிய தண்ணீர். பிறந்தநாள் அன்று பெரியவர் குனிந்து வால்வை மூடியதும் இவளைப் போன்றவர்களுக்காகத்தான். எனக்கு வளைந்து கொடுப்பவரை நல்லவர் என்றும், வளையாதவரை மனிதத்தன்மை இல்லாதவர் என்றும் நான்தான் எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

துணிக்கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த முறை அவர் வந்து கேட்டபோது எங்கள் தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் அண்ணே என்றேன்.

அவள் கோடை முழுக்க வந்தாள். வாளியைக் கொண்டுபோகும்போதெல்லாம் என்னை வாழ்த்தினாள்.

இந்த வருஷக் கூட்டத்தில் மேட்டுப் பக்கத்துத் தெலுங்குக்காரர் ஒருவர் எழுந்து, பெரியவரே திரும்ப வரட்டும் என்றார். பெரியவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே எத்தனை வீடோ மேலேயும் ஏறக்குறைய அத்தனை. மேலே இருப்பவர்கள் ஒன்றாக நின்றால் சாவி கைமாறும். மாறட்டும், நானும் அவருக்கே கை தூக்குவேன் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

அப்போது அந்தப் பெண் வந்து என் பின்னால் உட்கார்ந்து, காதருகே குனிந்தாள்.

“எனக்கு இவங்க ரெண்டு பேரப் பத்தியும் ஒண்ணும் தெரியாதுக்கா. உங்களத் தெரியும். நீங்க யாருக்குத் தூக்குறீங்களோ நாமளும் அவருக்குத்தான்னு மேல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

எதைப் பார்த்து நம்பினாள் இவள் என்னை? இரண்டு வாளியைப் பார்த்து. நான் பார்சலைப் பார்த்துத் துணிக்கடைக்காரரை நம்பியதுபோலவே.

திரும்பி அவளிடம் உண்மையைச் சொல்ல அவகாசம் இருந்தது. பெரியவரின் பெயரை முதலில் படித்தார்கள். முன் வரிசையிலிருந்து துணிக்கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். வெயில் இப்போதே சுட ஆரம்பித்திருந்தது. என் கை மடியிலேயே கிடந்தது.

அடுத்த பெயரைப் படித்தார்கள். என் கை உயர்ந்தது. எனக்குப் பின்னால் கைகள் ஒவ்வொன்றாக உயர, வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது.