தேவிகாபுரத்திலிருந்து வந்த கஷாயம்

தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவருக்கு மூத்திரப்பையில் கேன்சர் என்று வேலூரில் சொன்னார்கள். ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் அவர். கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வாராவாரம் குழாய் வழியாக உள்ளே மருந்து விட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எரிச்சல் தாங்காமல் என் கையை நெரித்துக்கொண்டே வருவார்.

கேள்விப்பட்டு அவருடைய அத்தை மகள் தேவிகாபுரத்திலிருந்து வந்தாள். எனக்கு முன்னால் அவருக்குப் பேசி வைத்திருந்த பெண். பை நிறைய நெருஞ்சி முள்ளும், பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அந்தப் பூளைப்பூச் செடியும் இருந்தன.

"நீர்க்கடுப்புக்கு நல்லதுக்கா. நானே காச்சித் தரேன்" என்று நேராக என் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

நான் வைத்த ரசத்தையே குமட்டுகிறது என்று ஒதுக்கியவர், அவள் கொடுத்ததை மடமடவென்று குடித்தார். "இப்பதான் கொஞ்சம் இதமா கீது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அடிக்கடி வரத் தொடங்கினாள். அவள் வரும் நாளில் அவர் சவரம் செய்துகொண்டார்.

அடுத்த முறை வேலூருக்குப் போகும்போது அந்தச் செடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனேன். கூடாது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இது கேன்சரைக் குணமாக்கும்னு யாரும் நிரூபிக்கலம்மா. எரிச்சலுக்கு இதமா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் வேணாம். இதை நம்பி செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர்.

டெஸ்ட் நன்றாக வந்து தொலைத்தது. கொஞ்சமாகக் குடிக்கலாம் என்றுவிட்டார்.

மருந்தெல்லாம் முடிந்து, உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது கட்டி இல்லை. அன்று வந்தவளிடம் என் கணவர், "எல்லாம் உன் கஷாயந்தான்" என்றார்.

"அப்போ வாராவாரம் வேலூருக்கு உங்ககூட அலைஞ்சது யாரு?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவள்தான், "அக்கா சொல்றது நெசம் மாமா. ஆஸ்பத்திரி மருந்துதான் கேட்டிருக்கும். பாவம், எவ்ளோ பேஜார் பட்டுகினு கீறாங்க" என்றாள். அந்த நல்ல பெயரையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்துக் கட்டி மறுபடி வந்தது, மறுபடி சுரண்டினார்கள். அதன்பிறகு தலைகாட்டவில்லை. செக்கப்பை அவர் ஒருமுறையும் விட்டதில்லை. கஷாயம் எப்போதோ நின்றுபோனது. அவள் வருவது நிற்கவில்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட அவர் கிளம்பினால், செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பிவிடுவேன்.