கேக்கோடு குடிக்க

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்து இருக்கை. ஐம்பது வயதிருக்கும், சலவை மடிப்பு கலையாத சட்டை. ஒவ்வொரு வேகத்தடையிலும் மடியிலிருந்த கேக் பெட்டியை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இன்னிக்கு எங்க கல்யாண நாளு. சாயங்காலம் வூட்டுக்காரிய பீச்சுக்கு இட்டுகினு போறேன். கேக்கு கூட குடிக்க இன்னா வாங்கலாம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எனுக்கு காப்பி போட்டுக் குடுக்கும். அது இன்னா குடிக்கும்னு நான் பாத்ததே இல்லபா."

திருக்கழுக்குன்றத்தில் அவர் கேக் பெட்டியோடு சட்டென்று இறங்கி ஒரு டெலிபோன் பூத்துக்குள் நுழைந்தார். பேருந்து கிளம்பியபோது ரிசீவர் அவர் காதில் இருந்தது, உதடுகள் அசையவில்லை. அத்தனை வருடம் கூடவே வாழ்ந்த மனைவியிடம் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.