மருதோண்டி விரல் வேலைக்கு வரவில்லை

எனக்கு முதன்முதலில் இதைச் சொன்னவர் சபியா ராத்தா. கல்முனையில் இந்தத் தையல் நிலையத்தின் பொறுப்பை அவரிடமிருந்து நான் ஏற்ற காலையில்தான் சொன்னார்: "மேலிடம் நம்மள முகத்தால அறியாது புள்ள, கடதாசியாலதான் அறியும்." பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, சாதாரண தரப் படிப்போடு வேலைக்கு வந்தவள் நான். சிரித்துவிட்டேன். எங்கோ இருக்கிற தலைமை அலுவலகத்தின் கீழ் வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும், அது சிரிக்கிற கதையல்ல.

விரல் பெட்டி

நாங்கள் பதினெட்டுப் பேர். என்னோடு பதினேழு பேர் கல்முனைக்குடி முஸ்லிம் பெண்கள். ஒருத்தி மட்டும் காரைதீவுத் தமிழ்ப் பிள்ளை வளர்மதி. புத்தகத்தில் கையெழுத்து வைத்து வந்தோம். போன நோன்பு மாதத்தில், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொழும்பிலிருந்து விரல் வைக்கும் பெட்டி வந்தது. பச்சை வெளிச்சம் வந்தால் நம் வரவு கொழும்பில் பதிந்துவிடும். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். "இது பிழைவிட்டா என்ன செய்யிற?" என்று பொருத்த வந்தவரிடம் கேட்டேன்.

"அது பிழைவிடாது அன்ரி. விட்டா நீங்கதான் விட்டிருப்பீங்க."

பெருநாள் கழிந்து

பெருநாள் என்றால் எங்கள் பெண்கள் விரல் நுனிக்குத் தொப்பி போட்டதுபோல் மருதோண்டி வைப்பார்கள். மகள் எனக்கும் வைத்துவிட்டாள். விடுமுறை முடிந்து வந்து விரலை வைத்தால் சிவப்பு வெளிச்சம். தேசிக்காய்ப் புளி தேய்த்தோம், சாம்பல் தேய்த்தோம், சிவப்புத்தான். வளர்மதிக்கு மட்டும் பச்சை.

கொழும்புக்குப் போனில் கோல் எடுத்து, எல்லாரும் வந்திருக்கிறோம், மருதோண்டியால்தான் இந்த வில்லங்கம் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை எடுத்த அலுவலகப் பிள்ளை சொன்னாள்:

"மெடம், வராதவங்கட லிஸ்ட்ல உங்கட பேரும் இருக்கு. வராத நீங்க எப்படி அங்கயிருந்து கதைக்கிறீங்க?"

கடிதம்

எட்டாம் நாள் கடிதங்கள் வந்தன. அறிவிக்காமல் வேலைக்கு வராமல் நின்றதால் நாங்களாகவே வேலையை விட்டு விலகியதாக முடிவாம். வேலைக்கு வரவில்லை என்ற கடிதத்தை, வேலை செய்துகொண்டே கையெழுத்திட்டு வாங்கினோம். ஒருத்தியைத் தவிர ஆளில்லாத நிலையம் மூடப்படும், மெஷின்களை எடுக்க லொறி வரும் என்றும் இருந்தது. பதினெட்டு வீட்டு அடுப்பு! இரண்டு ரக்அத் தொழுது, யா அல்லாஹ், எங்களை நீ காண்கிறாய் என்று அழுதேன்.

வளர்மதிக்கு வந்தது பாராட்டுக் கடிதம். நிலையத்தின் முழு வேலையையும் தனியொருவராக முடித்தாராம். வாசித்துவிட்டு வெளிறிப்போய் என்னிடம் நீட்டினாள்.

"இதென்னக்கா அநியாயம்! நான் என்ன காளியம்மாவா, இத்தின கை இரிக்க?"

லொறி

லொறியோடு வந்த அதிகாரி கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. உடனே கொழும்புக்குக் கோல் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். "சேர், இங்க ஆக்கள் வேலை செய்றாங்க."

"அங்க வளர்மதி ஒருத்தர்தான். நீங்க வேற யாரோட நிக்கிறீங்க?" என்றது கொழும்பு.

அவர் போனை ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்தார். பிறகு வளர்மதியைக் கூப்பிட்டார். கொழும்பின் கணக்கில் உயிரோடிருந்த ஒரே ஆள் அவள்தானே! இவர்கள் எல்லாரும் இங்கே வேலை செய்கிறவர்களா என்று கேட்டு, போனை அவள் வாய்க்கருகே நீட்டினார்.

"ஓம் சேர். வேலைக்கு வராம ஒரு நாளும் நிக்கல்ல. வேணுமெண்டா என்ர விரல வச்சுச் சொல்றன்."

சுற்றறிக்கை

லொறி வெறுமையாகத் திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். கடிதங்களையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இனிப் பெட்டியை மாற்றுவார்கள் என்று காத்திருந்தோம். வந்தது சுற்றறிக்கை: ஊழியர்கள் பெருநாள் காலங்களில் விரல்களில் மருதோண்டி இடக்கூடாது. நான் வாசித்து முடித்ததும் வளர்மதிதான் எழும்பி வந்து, பத்து விரலையும் என் முன்னால் விரித்தாள்.

"வாற பெருநாளைக்கு எனக்கும் வச்சு விடுங்கக்கா. கொழும்பு ஆர எண்ணுதெண்டு பாப்பம்."

பதினெட்டுப் பேரில் ஒருத்தியை மட்டும் கண்டு, அவளுக்கும் இல்லாத கைகளைக் கொடுத்தது எங்கள் மேலிடம். உங்களில் யாராவது அப்படியொரு மேசையில் இருந்தால், கடிதம் அடிக்க முன்னம் ஒருக்கா கோல் எடுத்து, பேசுகிற ஆள் அங்கே இருக்கிறார் என்பதையாவது நம்புங்கள்.